எறும்பு வளர்த்த அறிஞர்

மனிதன் தன் இல்லத்தில் வளர்க்கும் உயிர்கள் பல. பாலுக்காகப் பசுவை வளர்க்கிறான். காவலுக்காக நாயை வளர்க்கிறான். இனிய குரலுக்காகக் கிளியையும் குயிலையும் வளர்க்கிறான். ஆனால், எறும்பை வளர்ப்பார் உண்டோ? சர்க்கரைச் சாடியைத் தண்ணீர் நிறைந்த தட்டில் வைத்து எறும்பு வாராமல் காப்பதே நம் வீடுகளின் வழக்கம். அழையாமல் வரும் அச்சிற்றுயிரை அழைத்து வந்து, உறையுளும் உணவும் தந்து, ஆண்டுக்கணக்கில் பேணிய அறிஞர் ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் சர் ஜான் லப்பக்.

லப்பக் 1834-ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய தந்தையார் வங்கித் தொழிலில் சிறந்தவர்; வானநூலிலும் கணிதத்திலும் வல்லவர். 1842-ஆம் ஆண்டில் ஒரு நாள், “மகனே, உனக்கு ஒரு நற்செய்தி உண்டு” என்று தந்தையார் கூறினார். தமக்குக் குதிரைக் குட்டி ஒன்று கிடைக்கப்போகிறது என்று எண்ணிச் சிறுவர் மகிழ்ந்தார். “டார்வின் என்னும் அறிஞர் நம் ஊருக்குக் குடிவருகிறார்” என்பதே அச்செய்தி என்று அறிந்தபோது, எட்டு வயதுச் சிறுவரின் முகம் வாடியது. ஆயினும், ஆயிரம் குதிரைகள் தர இயலாத நன்மையை அந்த அண்டைவீட்டார் அவருக்குத் தந்தார். உயிர்நூலில் உலகப்புகழ் பெற்ற சார்லஸ் டார்வின் அச்சிறுவருடைய ஆர்வத்தைக் கண்டு, அவருக்கு ஒரு நுண்பெருக்கி வாங்கித் தருமாறு தந்தையாரைத் தூண்டினார். சிறியவற்றைப் பெரியனவாகக் காட்டும் அக்கருவி, சிற்றுயிர்களின் உலகத்துக்கு வாயிலாக அமைந்தது.

பதினான்காம் வயதளவில் லப்பக் பள்ளியை விட்டுத் தந்தையாரின் வங்கியில் பணிபுரியத் தொடங்கினார். பின்னர் 1870-ஆம் ஆண்டில் பாராளுமன்ற உறுப்பினரானார். வங்கி ஊழியர்க்கு ஆண்டில் சில நாட்கள் ஓய்வு வேண்டுமென வாதாடி, 1871-ஆம் ஆண்டில் அதற்குச் சட்டமும் காணச் செய்தார். பகலில் வங்கி, மாலையில் பாராளுமன்றம் என்று இவ்வாறு அலுவல் மிகுந்த வாழ்வு அவருடையது. அத்தகையவர்க்கு எறும்பு வளர்க்க ஓய்வு எங்கே கிடைத்தது என்னும் வியப்பு எழுவது இயல்பே. வைகறையிலும், விடுமுறை நாட்களிலும், அலுவல்களுக்கு இடையே கிடைத்த சிறு பொழுதுகளிலும் அவர் தம் எறும்புகளின் அருகே அமர்ந்தார். பொழுதில்லை என்று கூறுவோர் பலர்; கிடைத்த பொழுதைச் சேர்த்து வைப்போர் சிலரே.

எறும்பின் வாழ்வு மண்ணுக்குள் மறைந்து நடைபெறுவது. புற்றைத் தோண்டிப் பார்த்தால் அவ்வாழ்வு கலைந்துவிடும். தோண்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. இவ்விடரை நீக்க லப்பக் ஓர் எளிய வழி கண்டார். ஏறத்தாழப் பத்து அங்குலச் சதுரமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொண்டார். ஓர் எறும்பு தடையின்றி நடமாடும் அளவுக்கே இடைவெளி விட்டு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். ஓரங்களில் மரச்சட்டம் வைத்து அடைத்து, ஒரு சிறு வாயில் விட்டார். இடையே ஈரமான நுண்மண்ணை நிரப்பினார். எறும்புகள் அம்மண்ணைக் குடைந்து அறைகளும் வழிகளும் அமைத்தன. கூடு மெல்லியதாக இருந்தமையால், எந்த எறும்பும் கண்ணுக்குத் தப்ப இயலவில்லை. எறும்புகள் வெளிச்சத்தை வெறுப்பவை. எனவே, கண்ணாடியின்மீது ஒரு மூடியிட்டு இருளாக்கி, பார்க்கும்போது மட்டும் அதனை விலக்குவார்.

இத்தகைய கூடுகள் பலவற்றை ஒரு தாங்கியில் அடுக்கிவைத்து, அதனைச் சுற்றிலும் நீர் தேக்கினார். நம் வீட்டார் எறும்பு உள்ளே வாராதிருக்க நீரை அரணாக்குகின்றனர். அவரோ எறும்பு வெளியே போகாதிருக்க நீரை அகழியாக்கினார். தேனும், இடையிடையே சிறிது இறைச்சியும் உணவாக இட்டார். மண் உலராமல் ஈரத்தைப் பேணினார். ஓர் எறும்பை மற்றொன்றினின்று பிரித்தறிய, அதன் முதுகில் வண்ணத்தால் மிகச் சிறிய பொட்டு இட்டார். பொட்டிட்ட எறும்பு எப்பொழுது போயிற்று, எப்பொழுது மீண்டது, எதைச் சுமந்து வந்தது என்று மணியும் நிமிடமும் குறித்து எழுதினார்.

ஒரு முறை எறும்புப் புழுக்கள் சிலவற்றைக் கூட்டுக்கு வெளியே ஒரு தட்டில் வைத்தார். பொட்டிட்ட எறும்பு ஒன்று அவற்றைக் கண்டு, ஒவ்வொன்றாகக் கவ்விக் கூட்டுக்குச் சுமக்கத் தொடங்கியது. காலை முதல் இரவு வரை அதன் உழைப்பு ஓயவில்லை. உறங்கச் செல்லும்போதும், அலுவலுக்காக இலண்டன் மாநகருக்குச் செல்லும்போதும், அவர் அதனை ஒரு சிறு புட்டியில் அடைத்துவைப்பார். மீண்டு வந்து திறந்துவிட்டவுடன் அது விட்ட பணியைத் தொடரும். ஒருகால் அவர் வெளியூர் சென்று ஆறு நாட்கள் கழித்துத் திரும்பினார். இனி இது பணியை நினையாது என்று எண்ணியே, கூட்டிலிருந்து மூன்றடி தொலைவில் புழுக்களின்மீது அதனை விடுவித்தார். ஆறு நாள் சிறையிருந்த அவ்வெறும்பு உடனே ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டை நோக்கி நடந்தது. அரைமணிப் பொழுது இளைப்பாறியபின் அடுத்த புழுவுக்காகத் திரும்பி வந்தது. ஊழியர்க்கு ஓய்வு நாள் பெற்றுத் தந்த பெருமகனார், ஓய்வை நாடாத அச்சிற்றுயிரின் ஊக்கத்தைக் கண்டு வியந்தார்.

எறும்புகள் தம் கூட்டத்தாரை எவ்வாறு அறிகின்றன என்பது அவர் ஆராய்ந்த அரிய வினா. ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கான எறும்புகள் இருப்பினும், வேற்றுக் கூட்டைச் சேர்ந்த ஒன்று நுழைந்தால் அவை உடனே அதனைப் பற்றித் தாக்கும். தம் இனத்தாரையோ தாக்குவதில்லை. கோட்டைக் காவலர் மறைமொழி கேட்டு ஆளை அறிவதுபோல, எறும்புகளும் ஏதேனும் ஒரு குறிப்பால் அறிகின்றனவோ என்று சிலர் கருதினர். லப்பக் அக்கருத்தை ஆராயத் துணிந்தார். ஒரு கூட்டைச் சேர்ந்த எறும்புகள் சிலவற்றையும், வேற்றுக் கூட்டு எறும்புகள் சிலவற்றையும் மதுவால் மயங்கச் செய்து, அந்தக் கூட்டின் எறும்புகள் உணவு உண்ணும் இடத்தருகே கிடத்தினார். உணவு உண்டுகொண்டிருந்தவை வந்து பார்த்தன. வேற்றுக் கூட்டின என்று கண்டவற்றுள் பெரும்பாலானவற்றை இழுத்துச் சென்று அகழி நீரில் எறிந்தன; தம் கூட்டைச் சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவற்றைக் கூட்டுக்குள் சுமந்து சென்றன. மயங்கிக் கிடக்கும் எறும்பு மறைமொழி கூறுவது எங்ஙனம்? ஆகவே, மறைமொழிக் கொள்கை பொருந்தாது என்பது தெளிவாயிற்று.

நினைவாற்றலால் அறிகின்றனவோ என்று அடுத்து ஆராய்ந்தார். ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்து, ஓராண்டும் ஒன்பது திங்களும் கழிந்தபின் ஒரு பகுதியின் எறும்பை மறுபகுதியில் விட்டார். அப்பொழுதும் அது நண்பனாகவே ஏற்கப்பட்டது. பிரித்தபின் பிறந்து, ஒன்றையொன்று என்றும் கண்டிராத எறும்புகளும் பகைமை கொள்ளவில்லை. எனவே, முகம் பார்த்து நினைவில் வைத்துக்கொள்வதும் காரணம் அன்று என்று புலனாயிற்று. உண்மைக் காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது. எறும்பின் மேனியில் மெழுகு போன்ற மெல்லிய பூச்சு உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அப்பூச்சின் மணம் வேறு. உணர்கொம்பால் தொட்டு அம்மணத்தை அறிந்தே எறும்பு தன்னவரையும் பிறரையும் பிரித்துணர்கிறது. லப்பக் இம்முடிவை எட்டவில்லையாயினும், தவறான வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து, பின்வந்தார்க்குச் செல்லும் திசையைக் காட்டினார்.

அவர் செய்த ஆய்வுகளுள் மிகவும் புகழ்பெற்றது ஒளியைப் பற்றியதாகும். கூட்டின்மீது வண்ணக் கண்ணாடிகளைப் பரப்பியபோது, எறும்புகள் ஊதாக் கண்ணாடியின் அடியில் தங்க விரும்பாமல், தம் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு சிவப்புக் கண்ணாடியின் அடியில் ஒதுங்கின. சிவப்பு ஒளி அவற்றுக்கு இருள் போன்றது. பின்னர், கார்பன் டைசல்பைடு என்னும் நீர்மத்தைத் தட்டையான புட்டியில் நிரப்பிக் கூட்டின் ஒரு பகுதியின்மேல் வைத்தார். மறுபகுதியின்மேல் கரிய ஊதாக் கண்ணாடியை வைத்தார். அந்நீர்மம் நம் கண்ணுக்குத் தெள்ளிய நீர் போன்றது. அதன் அடியில் வெளிச்சம் மிகுதி. ஊதாக் கண்ணாடியின் அடியிலோ நமக்கு இருளே தோன்றும். எறும்புகளோ தெள்ளிய நீர்மத்தின் அடியிலேயே கூடின! இதன் காரணம் யாது? சூரிய ஒளியில் நம் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிர்கள் உள்ளன. அந்நீர்மம் அக்கதிர்களைத் தடுத்துவிடும். ஊதாக் கண்ணாடி அவற்றை உள்ளே விட்டுவிடும். மனிதன் காணாத ஒளியை எறும்பு காண்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. நாம் காணும் உலகமே முழு உலகம் அன்று என்னும் பேருண்மையை, ஒரு கண்ணாடிக் கூடு உணர்த்தியது.

எறும்புக்குச் செவிப்புலன் உண்டோ என்றும் அவர் ஆராய்ந்தார். கூட்டின் அருகே வயலின் வாசித்தார். சீழ்க்கைக் குழல் ஊதினார். உரத்த குரலில் கூவினார். எறும்புகள் சிறிதும் அசையவில்லை. ‘எறும்புக்குச் செவியில்லை’ என்று முடிவு கட்டுதல் எளிது. லப்பக் அவ்வாறு செய்யவில்லை. நம் செவிக்கு எட்டாத ஒலிகளை அவை கேட்கக்கூடும் என்று கூறி அமைந்தார். எறும்புகள் காற்றில் வரும் ஓசையைப் பெரிதும் உணராவிடினும், நிலத்தில் பரவும் அதிர்வைக் கால்களால் உணரும் என்பது இக்காலத்து அறிஞர் கண்ட உண்மை.

எறும்பின் அறிவை வியந்து பாராட்டும் கதைகள் எங்கும் உண்டு. எறும்புகளைப் பெரிதும் விரும்பிய லப்பக், அவற்றைப் பற்றிய உண்மையை அதனினும் மிகுதியாக விரும்பினார். உணவுள்ள இடத்துக்கும் எறும்புகள் நிற்கும் இடத்துக்கும் இடையே அரை அங்குலத்துக்கும் குறைந்த உயரமே இருக்குமாறு ஒரு முறை அமைத்தார். அருகிலேயே மண்ணும் இருந்தது. மண்ணைச் சிறிது குவித்திருந்தால் எளிதில் எட்டியிருக்கலாம். ஆயினும், அவை நெடுந்தொலைவு சுற்றியே சென்றன. தேனில் சிக்கித் தவிக்கும் தோழர்களைப் பல எறும்புகள் கண்டும் காணாமல் கடந்து சென்றதையும் அவர் பார்த்தார். அதே நேரத்தில், பிறவியிலேயே உணர்கொம்பு இல்லாத எறும்பு ஒன்று பகையெறும்பால் காயமுற்றுக் கிடந்தபோது, அதன் கூட்டத்தைச் சேர்ந்த மற்றொன்று வந்து மெல்லத் தூக்கிச் சென்றதையும் கண்டார். இவ்விருவகை நிகழ்ச்சிகளையும் ஒளிக்காமல் எழுதினார். தாம் விரும்புவதை மட்டும் கண்டு எழுதுவோர் புலவராகலாம். கண்டதனைத்தும் எழுதுவோரே அறிவியலார் ஆவர்.

மஞ்சள் எறும்பின் கூடுகளில், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியின் முட்டைகள் இருப்பதை அவர் கண்டார். அம்முட்டைகளால் எறும்புக்கு உடனே வரும் பயன் ஒன்றுமில்லை. ஆயினும், இலையுதிர் காலத்தில் அவற்றைக் கூட்டுக்குள் சேர்த்து, கடுங்குளிர் முடியும்வரை தம் முட்டைகளைப்போல் பேணி, இளவேனிலில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுபோய்ச் செடியின் தளிரில் விடுகின்றன. வளர்ந்த அசுவினிகள் சுரக்கும் இனிய நீரே அவற்றின் உழைப்புக்கு ஊதியம். கோடையில் உண்ணும் பொருளுக்கு முந்திய ஆண்டிலேயே ஆவன செய்யும் இச்செயலை, லப்பக் தம் பொறுமையால் உலகுக்கு அறிவித்தார்.

1874-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் கொணர்ந்த கரிய எறும்புக் கூட்டம் ஒன்றில் இரண்டு தாயெறும்புகள் இருந்தன. எறும்பு ஓராண்டு வாழ்ந்தாலே மிகுதி என்று மக்கள் நம்பிய காலம் அது. ஆண்டுகள் உருண்டன. அவர் எழுதிய ‘எறும்புகள், தேனீக்கள், குளவிகள்’ என்னும் நூல் 1882-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போதும் தாயெறும்புகள் உயிரோடிருந்தன. அவருடைய ஆசானாகிய டார்வின் அவ்வாண்டிலேயே மறைந்தார். எறும்புகள் அதன் பின்னும் வாழ்ந்தன. ஒரு தாய் 1887-இல் இறந்தது. மற்றொன்று 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உயிர் நீத்தது. அதற்கு அப்போது ஏறத்தாழ 15 வயது. ஒரு சிற்றெறும்பு அத்துணைக் காலம் வாழும் என்பதை உலகம் அன்றுதான் அறிந்தது. ஒருநாள் ஈரம் ஊட்ட மறந்திருந்தாலும், ஒரு திங்கள் சலிப்புற்றிருந்தாலும் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. பிற்காலத்தில் ஜெர்மனி நாட்டில் கண்ணாடிக் கூட்டில் வளர்க்கப்பட்ட கரிய தோட்டத்தெறும்பின் தாய் ஒன்று 28 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தது.

லப்பக் 1913-ஆம் ஆண்டில் மறைந்தார். எறும்பு வளர்க்கும் பழக்கம் இன்று பல நாடுகளில் இளைஞர் பலருடைய பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. நம் நாட்டில் மழைக்குப்பின் ஈசல் பறப்பதை யாவரும் அறிவர். ஈசல் கறையான் இனத்தது. எறும்பு இனத்திலும் அவ்வாறே குறித்த காலத்தில் சிறகுள்ள ஆணும் பெண்ணும் கூட்டைவிட்டுப் பறக்கும். பறந்து மீண்ட பெண்ணெறும்பு தன் சிறகுகளைத் தானே உதிர்த்துவிட்டு, கூடு அமைக்க இடம் தேடும். எறும்பு வளர்ப்போர் அதனை எடுத்து, ஒரு சோதனைக் குழாயில் இடுவர். குழாயின் அடியில் நீரும், நீர் பெருகாதபடி பஞ்சும், வாயில் மற்றொரு பஞ்சும் இருக்கும். அதனை இருளில் வைத்து, அடிக்கடி அசைக்காமல் விடுவர். இனி வேண்டாத சிறகுத் தசையையே கரைத்து உணவாக்கிக்கொண்டு, ஒன்றும் உண்ணாமல் அத்தாய் முட்டையிட்டு முதற்புழுக்களை வளர்க்கும். முதலில் தோன்றும் எறும்புகள் மிகச் சிறியன. அவை தோன்றியபின் சர்க்கரைநீரும் சிறு பூச்சிகளும் இட வேண்டும். ஒரு தாய் தனித்தே கூட்டம் அமைக்க இயலுமோ என்ற ஐயம் முன்பு இருந்தது. 1876-ஆம் ஆண்டில் சில எறும்புகளைத் தனியே அடைத்துவைத்து, மறு ஆண்டுக் கோடையில் முதல் எறும்பு தோன்றக் கண்டு, அவ்வையத்தை நீக்கியவரும் லப்பக்கே.

இப்பொழுதுபோக்கில் எச்சரிக்கையும் வேண்டும். ஒரு நாட்டின் எறும்பை வேறொரு நாட்டிற்குக் கொண்டுபோதல் பெருந்தீங்கு விளைக்கும். தென் அமெரிக்காவின் நெருப்பெறும்பு 1930-களில் கப்பல் சரக்கோடு அமெரிக்க ஐக்கிய நாட்டின் மொபீல் துறைமுகத்தில் இறங்கியது. அங்கே அதனை அடக்கும் இயற்கைப் பகை இல்லாமையால், தென் மாநிலங்கள் எங்கும் பரவி, உழவர்க்கும் கால்நடைக்கும் காட்டுயிர்க்கும் துன்பமாயிற்று. ஆதலின், தம் ஊர் எறும்பையே வளர்த்தலும், வளர்த்ததை வேற்றிடத்தில் விடாதிருத்தலும் கடமையாகும்.

எறும்பு வளர்ப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அகன்ற நிலமும் வேண்டுவதில்லை. வேண்டுவன பொறுமை, ஒழுங்கு, உண்மை விருப்பம் என்னும் மூன்றே. குதிரைக் குட்டி கிடைக்கவில்லையே என்று ஒருநாள் முகம் வாடிய சிறுவர், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே புதியதோர் உலகத்தைக் கண்டார். காலடியில் ஊர்ந்து செல்லும் எறும்பு வரிசையை நாள்தோறும் பலர் கடந்து செல்கின்றனர். குனிந்து நோக்குவோர்க்கே அது தன் மறைபொருளைக் கூறும்.